ஒரு முடிவுதான் எழுதினேன்

அந்தப் படத்தைக் கெடுத்தது நான்தான் என்று கொழும்பில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிடிவாதக்காரி, கூட வேலை செய்ய முடியாது என்றும் சொல்கிறார்கள். அண்மையில் பதுளையில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி இதையே கேட்டாள். "அக்கா, நீங்க கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா அந்தப் படம் நாடு முழுக்க ஓடியிருக்கும்னு சொல்றாங்களே, நெசமா?"

நிஜம்தான். ஓடியிருக்கும். அதற்குப் பிறகும் எனக்கு வேலை வந்திருக்கும். இன்றைக்கு அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பெயர் யோகேஸ்வரி. பள்ளிக்கூடம் முடித்துக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போய், அங்கிருந்து வானொலி நாடகத்துக்குக் குரல் கொடுக்கப் போய், கொடுத்த வசனங்கள் பிடிக்காமல் நானே எழுதத் தொடங்கி, தொலைக்காட்சி நாடகங்களுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாரோ எழுதிய கதையில் தோட்டத்து ஆள் வந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புவார்கள். "தோட்டத் தமிழ்ல மாத்திக் குடுங்க." வேலைக்காரப் பிள்ளை அழுவாள், நான் அந்த அழுகையைத் தோட்டத் தமிழில் மாற்றிக் கொடுப்பேன். கதையில் அவளுக்குப் பெயர்கூட இருக்காது. நான் ஒன்று வைத்து அனுப்புவேன். திரையில் வரும்போது அது காணாமல் போயிருக்கும்.

முழுப் படத்தை என்னிடம் முதலில் நம்பிக் கொடுத்தவர் சோமதாச சேர். சிங்களப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கிய டைரக்டர். தமிழ் நன்றாக விளங்கும், பேசத்தான் சரியாக வராது; என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். அவர் யாருடைய எழுத்தையும் கண்ணால் படிக்க மாட்டார். எழுதியவர் எழுந்து நின்று எல்லாப் பாத்திரங்களையும் தானே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நமக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். சொல்வதை நம்பினால் அந்த முதுகு அசையாது. நம்பாவிட்டால் வலது கை மெல்ல உயரும்.

"மேக்க கியன்னே கவுத?" என்பார். இதைச் சொல்வது யார்?

"அப்பா, சேர்."

"அப்பாவா, நீயா?"

அவ்வளவுதான். திட்ட மாட்டார், திருத்தித் தரவும் மாட்டார். நாம்தான் வீட்டுக்குப் போய் அந்த அப்பாவைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முதல் தடவை அந்தக் கை உயர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, எழுதும்போதே அந்தக் கை எங்கே உயரும் என்று தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் அவர் கூப்பிட்டார். பதுளையில் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஏதோ கதை விளையாட்டு விளையாடுகிறார்களாம், அதைப் படமாக்கலாமா என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

கடைவீதியில் ஒரு துணிக்கடை. மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. அங்கே கதை சொல்பவள் கடைக்காரரின் மகள் ஷிஃபானா. பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டல்ல அது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "நான் கதவத் தள்ளுறேன்", "நான் ஓடி ஒளியிறேன்" என்று தங்கள் ஆள் செய்வதைச் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வெளிநாட்டில் இப்படி விளையாடுகிறவர்கள் வாள், டிராகன், கோட்டை என்று விளையாடுவார்களாம். இணையத்தில் பார்த்துப் பழகிய ஷிஃபானா, தானே புதிதாக ஒன்றை உண்டாக்கியிருந்தாள்.

"எங்கட பக்கம் வாள் எங்க இருக்கு? தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்திதானே இருக்கு" என்றாள் என்னிடம்.

அவளுடைய கதையில் ஒரு தோட்டம். அங்கே மூடிக் கிடக்கும் ஸ்டோர், அதாவது பழைய தேயிலை ஆலை. அதற்குள் பேர்விழுங்கி என்று ஒன்று இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களைப் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடுவாரல்லவா, அப்போது அது பனிக்குள் ஒளிந்திருந்து காது கொடுத்துக் கேட்கும். கேட்ட பெயர்களில் ஒன்றை விழுங்கும். பெயர் போனவரை அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. கணக்கப்பிள்ளை கண்ணில் படமாட்டார். கை காட்டினால் பஸ் நிற்காது. பெற்ற பிள்ளை கூட உரசிக்கொண்டு போய்விடும். விளையாடுகிறவர்கள் அந்த லயத்து ஆட்கள். அதை அவர்கள் தீர்த்துக்கட்ட வேண்டும்.

ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். ஷிஃபானா விடவில்லை. "சும்மா பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. விளையாடுறதெண்டா இருங்க." நான் தையற்காரியாக விளையாடினேன். பேர்விழுங்கியிடம் நியாயம் பேசப் போய், முதல் வாரமே பெயரைப் பறிகொடுத்தேன்.

அந்த மேசையில் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், ஆட்டோ ஓட்டும் பாலா, அவருடைய அக்கா மரகதம். மரகதம் தெமோதரைப் பக்கம் கொழுந்து பறிப்பவர். தம்பியின் ஆட்டோவில் டவுனுக்கு வந்த ஒரு நாள், அவன் முடிக்கும்வரை காத்திருக்க உட்கார்ந்தவர், பேச்சு பொறுக்காமல் நடுவில் புகுந்து, நிரந்தரமாக ஓர் ஆளாகிவிட்டவர். தோற்பது அவருக்குப் பிடிக்காது. பகடையோடு சண்டை போடுவார். தம்பி அளாப்புகிறான், ஏமாற்றுகிறான் என்று கத்துவார். பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு வேற பேரு? மரகதம்னே இருக்கட்டும்" என்றாராம்.

ஒரு மழை நாள். மரகதத்தின் ஆள் ஸ்டோருக்குள் தனியாக மாட்டிக்கொண்டாள். பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது. அதைவிட மோசமாக விழ வழியில்லை.

ஷிஃபானா குரலைத் தாழ்த்தினாள். "முடிஞ்சிது மரகதம் அக்கா. பேர்விழுங்கி உங்கட பேர விழுங்கிட்டுது. இனி நீங்க யாருட கண்ணுக்கும் தெரிய மாட்டீங்க."

பாலா உச்சுக் கொட்டினார். மரகதம் வாயிலிருந்த முறுக்கை மென்று முடித்தார்.

"எந்தப் பேர?"

"மரகதம் எண்டத."

"அது பெரட்டுல கூப்பிடுற பேரத்தானே திங்கும்? நீதானே சொன்ன?"

"ஓம், பெரட்டுலதான் கேட்டுக்கொண்டு இருக்கும்."

"அப்ப அதுக்கு எம் பேரு தெரியாது புள்ள. பெரட்டுல நான் மார்கடன். நான் பொறந்தப்ப பதிஞ்சவன் தப்பா பதிஞ்சுட்டான். ஐடென்டி கார்டுலயும் அதான். ஆஸ்பத்திரிக்குப் போனா மார்கடன் யாருன்னு கூப்பிடுறாங்க. எந்திரிச்சுப் போனா, நீ இல்லம்மா, அந்த ஆம்பளைய வரச் சொல்லுங்கறாங்க. இவ்வளவு காலம் அந்தப் பேரச் செமந்துட்டேன். தின்னுட்டுப் போகட்டும் சனியன்! மரகதம்கிறது எங்கம்மா வச்சது. அது எங்கிட்டதான் இருக்கு."

ஷிஃபானா தான் எழுதி வைத்திருந்த விதிகளைப் புரட்டினாள். இதற்கு அதில் பதில் இல்லை. பாலா மேசையில் ஓங்கி அறைந்தார். "அடேய், என் பேரையும் தப்பாத்தான் எழுதியிருக்கான்! பாலச்சந்திரன் கார்டுல பாலசுந்தி!" டியூஷன் பிள்ளைகளில் ஒன்று தன்னுடையதைச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் அடையாள அட்டையிலும் யோகேஸ்வரி இல்லை. யோகசிரி என்றுதான் இருக்கிறது.

"அப்ப இப்ப அதுட வயித்துக்குள்ள என்ன இருக்கு?" என்று ஷிஃபானா மெதுவாகக் கேட்டாள்.

"பொய்ப் பேரு."

"பொய்ப் பேரு செமிக்குமா?"

"செமிக்காது!" என்று எல்லோரும் கத்தியதில் கீழே கடையில் துணி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

பொய்ப் பெயர் செரிக்காமல் பேர்விழுங்கி அன்று செத்தது; அந்த வாரமே படத்தின் முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் கிடைக்கவில்லை. நாவலைப் படமாக்கினால் கதை நடந்து முடிந்து நம் கையில் இருக்கும். விளையாட்டில் அப்படியில்லை. வேறு நாலு பேர் உட்கார்ந்தால் வேறு கதை நடக்கும். நான் முதலில் விதிகளைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பேர்விழுங்கிக்கு என்ன சக்தி, ஸ்டோரில் எத்தனை வாசல், எந்த வழியாகப் போனால் எது என்று. சேருக்கு வாசித்தேன். முதல் காட்சியிலேயே கை உயர்ந்தது.

"இதைச் சொல்வது யார்? பேயா, நீயா?"

திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை பேயை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தேன். அங்கே தலைவர் என்று யாரும் இல்லை. ஒரு கதவைத் திறக்கவே அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் பிடுங்கி மாற்றினார். பிறகு எல்லோருமாகப் போய்த் தோற்றார்கள். அதைத்தான் எழுத வேண்டும் என்று புரிந்தது. பகடையைப் படத்தில் காட்டவில்லை. ஆனால் பகடை எங்கே அவர்களைக் கைவிட்டதோ, அங்கெல்லாம் படத்திலும் அவர்களைத் தோற்க விட்டேன். கயிறு அறுந்தது, அறுந்ததுதான். தீப்பெட்டி நனைந்தது, நனைந்ததுதான். எந்தப் புத்திசாலித்தனத்தையும் வைத்து அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் அந்தச் சண்டையை அப்படியே வைத்தேன்.

இரண்டாம் முறை ஒரு பிற்பகல் முழுக்க நின்று வாசித்தேன். முதுகு அசையவில்லை. முடித்தபோது அவர் தானாகவே நாற்காலியைத் திருப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மரகதத்துக்கு வேறு நடிகை வேண்டாம். அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு வா" என்றார்.

தயாரிப்பாளர் ஜெகநாதன் மரியாதையான மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். பண்டாரவளை ஹோட்டலொன்றில் தேநீர் வரவழைத்து, எனக்குத் தானே சீனி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"மேடம், கதை பிரமாதம். முடிவு மட்டும் கொஞ்சம் மாத்தணும். கொழும்புலேருந்து ஒரு இன்ஜினியர் ஸ்டோர திறக்க வர்றார். அவர்தான் ஹீரோ. பெற்றோல ஊத்தி அந்தப் பேயை எரிக்கிறார். அதுக்கு முந்தி இந்த மரகதம் அவர் கால்ல விழுந்து, 'ஐயா, எங்களக் காப்பாத்துங்க'ன்னு ஒரு வசனம். தியேட்டர்ல எல்லாரும் அழுவாங்க."

"அந்தப் பேர் விஷயம்?"

"அது கொழும்புல யாருக்கு விளங்கும்? ஒரு எழுத்து மாறினா அது என்ன பெரிய விஷயமா?"

"உங்க பேர ஜெகநாதின்னு போடட்டுமா சார்? ஒரு எழுத்துதான்."

அவர் சிரித்தார். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கூட இருந்த சோமதாச சேர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு முடிவையும் எழுது, இரண்டையும் எடுப்போம், பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வோம் என்றார்.

இரண்டு முடிவு எடுத்த படங்களில் நான் வேலை செய்திருக்கிறேன். எடிட்டிங் அறைக்குள் போனால் பணம் போட்டவருடைய முடிவு வெளியே வரும், மற்றது வராது.

"ஒரு முடிவுதான் சேர் எழுதுவேன். அத எழுதிட்டேன்."

அன்றுதான் அவர் என்மேல் கோபப்பட்டதைப் பார்த்தேன். "எனக்கு வயதாகிவிட்டது யோகா. இதற்குப் பிறகு யாரும் எனக்குப் படம் தரப்போவதில்லை. இதையாவது முடிக்க விடு."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் மரகதம் யாருடைய காலிலும் விழுவதை என் கையால் எழுத முடியாது. "முடிங்க சேர். நான் எழுதினத வச்சு முடிங்க" என்றேன். அவர் உள்ளே போனார்.

கொழும்பிலிருந்து ரூபன் என்ற இளம் எழுத்தாளரைக் கொண்டுவந்தார்கள். அவர் ஹோட்டல் அறையில் இருந்து அந்த முடிவை எழுதினார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. புதிதாக நடிக்கிறவர்களுக்கு வசனம் பழக்கும் வேலை என்னிடம் இருந்ததால் நான் இருந்தேன். போயிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

தெமோதரைப் பக்கம் உண்மையிலேயே மூடிக்கிடந்த ஒரு ஸ்டோரில் படப்பிடிப்பு. கடைசிக் காட்சியின் காலை, லயத்துப் பெண்கள் கூட்டமாக நடிக்க வந்திருந்தார்கள். பனி இறங்கியிருந்தது. கேமரா தயார். சோமதாச சேர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, புதுக் காட்சியை வாசிக்கும்படி ரூபனிடம் சொன்னார். ரூபன் எல்லோருக்கும் முன்னால் நின்று வாசித்தார். இன்ஜினியர் வந்தார், பெண்கள் ஓடினார்கள், மரகதம் காலில் விழுந்தார். "ஐயா, எங்களக் காப்பாத்துங்க."

கை உயர்ந்தது. "இதைச் சொல்வது யார்?"

"மரகதம் சேர்."

சேர் நாற்காலியைத் திருப்பாமலே, தன் கொச்சைத் தமிழில் கூப்பிட்டார். "மரகதம், நீ சொல்லு பாப்போம்."

மரகதம் கூடையை இறக்கி வைத்தார். "நான் சொல்ல மாட்டேன் சேர்."

"ஏன்?"

"நாந்தானே அத முடிச்சேன்? மேசையில எல்லாரும் பாத்தாங்க. இப்ப இந்த ஆளு வந்து முடிச்சதா சொன்னா எப்புடி? நான் வீட்டுக்குப் போறேன் வேணும்னா."

ஜெகநாதன் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க மேடம். எடுத்துச் சொல்லுங்க. படத்துல எழுத்துன்னு உங்க பேர்தான் வரும். அடுத்து நான் செய்யிற தொடரும் உங்களுக்குத்தான்."

கொழும்பில் எனக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பதில் சொன்னேன்.

"நான் சொன்னா கேக்கிற ஆளா இருந்தா அவங்கள மரகதமா நடிக்கக் கூட்டி வந்திருக்க மாட்டோம் சார்."

போய் மரகதத்தின் பக்கத்தில் நின்றேன். வேறு செய்ய எதுவும் தோன்றவில்லை. ஜெகநாதன் கூட்டத்துப் பெண்களைப் பார்த்து, வேறு யாராவது இந்த வசனத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓடச் சொன்னாங்க, ஓடுறோம்னு வந்தோம். கால்ல விழறதப் பத்தி யாரும் சொல்லல்லையே" என்றார் ஒருத்தர். பின்னாலிருந்து இன்னொரு குரல், "அந்த இன்ஜினியர் தம்பிய விழச் சொல்லுங்க, சின்ன வயசு, இடுப்பு வலிக்காது" என்றது. கூட்டம் சிரித்தது. இன்ஜினியராக நடிக்க வந்திருந்த பையனும் சிரித்துவிட்டான்.

அப்போது சேர் நாற்காலியைத் திருப்பினார். மரகதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிங்களத்தில் ஜெகநாதனிடம் சொன்னார்:

"அவள் சொல்ல மாட்டாள். இவள் எழுத மாட்டாள். நான் யாரை வைத்து எடுப்பது?"

அவர் கேமராக்காரர் பக்கம் திரும்பி, பனி கலைவதற்குள் யோகாவின் காட்சியை எடுத்துவிடுவோம் என்றார். எடுத்தார். மதியச் சாப்பாட்டின்போது ரூபன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வாசிக்கும்போதே எனக்கு வாயில வரேல்ல அக்கா" என்றார். நல்ல பிள்ளை. இன்றும் பேசிக்கொள்கிறோம்.

அதற்கான விலையை எல்லோரும் கொடுத்தோம். ஜெகநாதன் படத்தை முடித்துக் கொடுத்தார், வெளியிடுவதில்தான் கையை விரித்துவிட்டார். மலைநாட்டில் சில தியேட்டர்களில் ஓடியதோடு சரி. சோமதாச சேர் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் வெகுகாலம் போனும் எடுக்கவில்லை. எனக்குக் கொழும்பிலிருந்து வேலை வருவது நின்றது. கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டுப் பதுளைக்கு வந்துவிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் வேறொரு கம்பனி அதே படத்தைப் புதிதாக எடுக்கப் போவதாகப் போன் செய்தது. "நல்ல முடிவோட" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். ஷிஃபானாவிடம் போனார்கள். "விளையாட்டு எங்கட. முடிவும் எங்கட" என்று சொல்லி அவளும் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியாகப் பதுளைத் தியேட்டரில் முதல் நாள் நடந்ததைச் சொன்னேன். பகல் காட்சி. தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நானும் மரகதமும் நடுவரிசையில் இருந்தோம். திரையில் மரகதம், "அது எம் பேரு இல்ல, பதிஞ்சவன் எழுதுன பேரு" என்று சொன்ன உடனே, முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"எம் பேரு முனியாண்டி! கார்டுல முனந்தி!"

தியேட்டர் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். "நான் பேச்சியம்மா! கார்டுல பேசிமா!" அப்புறம் யார் யாரென்று தெரியவில்லை. பின்னால், ஓரத்தில், பால்கனியில், சரியான பெயரும் தப்பான பெயருமாகக் கத்தினார்கள். சில பேர் சிரித்துக்கொண்டு கத்தினார்கள். சில பேர் சிரிக்கவில்லை. நானும் எழுந்து நின்று என்னுடையதைக் கத்தினேன்.

சண்டை என்று நினைத்து மேனேஜர் ஓடிவந்து எல்லா லைட்டையும் போட்டுவிட்டார். "லைட்ட அணைங்க, நான் நடிக்கிறேன்ல!" என்று மரகதம் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டது யார் காதிலும் விழவில்லை. நான் சண்டை பிடித்து எழுதிய கடைசிக் காட்சி அந்த வெளிச்சத்தில் வெளுத்துப்போய், யாரும் பார்க்காமலே ஓடி முடிந்தது. படம் முடிந்து திரை வெறுமையான பிறகும் ஒருவரும் உட்காரவில்லை.